தனிச்சங்கம் நடத்த முடியுமா? வடசென்னைத் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கத்துச் சிறு பட்டறைகளிலும் ஒப்பந்த வேலைகளிலும் இருப்பவர்களைச் சேர்த்து நடக்கும் ஒரு சிறிய சங்கத்தில் 17 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். எந்தக் கட்சியோடும் எந்த மத்திய சங்கத்தோடும் இணைக்கப்படாத சங்கம் அது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தேநீர்க் கடை வாசலில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, இரவெல்லாம் அது மனத்தை உறுத்திய நாள்கள் உண்டு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனிச்சங்கம் என்றால் என்ன?

ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., சி.ஐ.டி.யு., தொ.மு.ச. என்று, பல ஆலைச் சங்கங்களை இணைக்கும் பெரிய மத்திய சங்கங்கள் இருக்கின்றன. ஓர் ஆலையின் சங்கம் இவற்றில் ஒன்றோடு இணைந்திருக்கலாம். எதோடும் இணையாமல், தனக்கென்று பதிவு எண்ணும் விதிமுறையும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு, தன் உறுப்பினர்களுக்கு மட்டும் பதில் சொல்லி நடக்கும் சங்கத்தைத்தான் தனிச்சங்கம் என்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிர்வாகமே ஆள் பிடித்து உருவாக்கும் சங்கமும் தன்னைத் தனிச்சங்கம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சந்தாவை யார் வசூலிக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் எங்கே நடக்கிறது, யார் சொல்லி நடக்கிறது என்று பாருங்கள். ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பு அதை உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தச் சங்கத்தின் கொடி எந்த நிறமாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

ஏற்கெனவே இத்தனை சங்கங்கள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? இது பிளவுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல தோழர்கள். அவர்களுடைய கவலை எனக்கும் உண்டு. ஓர் ஆலையில் நன்றாக நடக்கும் சங்கம் இருந்தால், அதிலேயே சேருங்கள். அங்கே போய்க் கூட்டத்தில் கேள்வி கேளுங்கள். கோபத்தில் பத்துப் பேரைப் பிரித்துக்கொண்டு வந்து புதுப் பலகை மாட்டுவதை நான் ஆதரித்ததில்லை.

ஆனால் எங்கள் பகுதியில் பெரும்பாலான இடங்களில் பிளவுபடுத்துவதற்கே எதுவும் இல்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை, மேஸ்திரியின் கீழ் 20 பேர் மூட்டை ஏற்றும் கிடங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் பெயர் மாறும் துப்புரவு வேலை. பெரிய சங்கங்களுக்கு ஆள் பற்றாக்குறை. அவர்கள் கவனம் பெரிய ஆலைகளில் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் வராத இடத்துக்கு யாராவது போக வேண்டும் அல்லவா?

வடசென்னைக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன உறவு?

இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு குறிப்பிடும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில்தான் உருவானது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களின் சங்கம். அது உருவான விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்தார்கள். கேட்க வந்த கூட்டத்தில் ஆலைத் தொழிலாளர்கள் அதிகம். கதை கேட்க வந்தவர்கள் தங்கள் கதையையும் சொன்னார்கள்: சாப்பாட்டுக்குக் கிடைக்கும் அரை மணி நேரம் போதவில்லை, மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள், வசை பேசுகிறார்கள். அந்த இருவரும் அன்னி பெசன்டின் இயக்கத்தில் இருந்த பி.பி.வாடியாவைத் தேடிப் போனார்கள். 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார். வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவரானார்.

கவனியுங்கள். அப்போது ஏ.ஐ.டி.யு.சி. கிடையாது, அது பம்பாயில் தொடங்கியது 1920 அக்டோபர் 31 அன்று. தொழிற்சங்கச் சட்டமும் கிடையாது. ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா உள்ளிட்ட தலைவர்கள்மேல் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துவதே சதிக்குற்றம் ஆகிவிடும் என்ற அந்த நிலை மற்ற மாகாணத் தலைவர்களையும் உலுக்கியது. என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த முயற்சி 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. பெரம்பூரில் ஒரு தனிச்சங்கம் பட்ட அடிதான் நாடு முழுவதும் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கக் காரணமாயிற்று. சிறிய சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

1921 வேலைநிறுத்தம் ஏன் தோற்றது?

அதைச் சொல்லாமல் 1918ஐ மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. அதே பின்னி ஆலைகளில் 1921 கோடையில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட அந்த வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கடன் சுமை அதிகம், கையிருப்பு இல்லை, சங்கத்துக்குள் அவர்கள் குரலுக்கு உரிய இடமும் இல்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எம்.சி.இராஜா ஆதிதிராவிடர் தரப்பின் குறைகளை எடுத்துப் பேசினார். கவர்னர் வெலிங்டன் திரு.வி.க. உள்ளிட்டோரை நாடு கடத்தப்போவதாக மிரட்டினார். கடைசியில் தொழிலாளர்கள் கையில் எதுவும் இல்லாமல் ஆலைக்குள் போனார்கள்.

இன்றைக்கும் எங்கள் கூட்டங்களில் நான் முதலில் கவனிப்பது யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள் என்பதைத்தான். ஒருமுறை ஒரு கிடங்கில், குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் துப்புரவு செய்யும் பெண்களுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் குவளையைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கட்டியது முதலாளி அல்ல, எங்கள் உறுப்பினர்களே. அன்றைய கூட்டத்தில் போனஸ் கோரிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் குவளையைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசினோம். நான்கு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மறுவாரம் சங்கிலி அறுக்கப்பட்டது. வெளியேறியவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், ஒருவர் வரவேயில்லை.

எத்தனை பேர் இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம்?

குறைந்தது ஏழு பேர் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். அதோடு, அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். 60 பேர் உள்ள ஆலையில் 10 சதவீதம் 6 வந்தாலும் 7 பேர் தேவை. 400 பேர் என்றால் 40. 3,000 பேர் என்றால் 100 போதும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் இந்த வரம்பையே வைத்திருக்கிறது.

எண்ணிக்கை எளிது. காத்திருப்பதுதான் கடினம். விண்ணப்பம் கொடுத்த செய்தி எப்படியோ நிர்வாகத்துக்குப் போய்விடும். கையெழுத்திட்ட ஏழு பேரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்த நாள்களில் தினமும் மாலை பத்து நிமிடமாவது ஏழு பேரும் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் சங்கத்தைப் பதிவு செய்யும் பிரச்சினை முக்கியமானது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். சி.ஐ.டி.யு. போன்ற பெரிய அமைப்பு பின்னால் நின்றும் அவ்வளவு காலம் ஆயிற்று.

பதிவு ஆகிவிட்டால் நிர்வாகம் பேசியே ஆக வேண்டுமா?

இல்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் அநேகம். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு மாட்டினால் நிர்வாகம் கூப்பிட்டுப் பேசும் என்று காத்திருப்பார்கள்.

புதிய சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் நிறுவனத்தில் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், தலா 20 சதவீதமாவது ஆதரவு உள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். 20க்குக் கீழே இருக்கும் சிறு சங்கத்துக்கு மேசையில் இடம் இல்லை. இது எங்களைப் போன்ற சங்கங்களுக்குப் பெரிய அடி என்பது என் கருத்து. 15 சதவீதம் பேர் துப்புரவுப் பணியாளர்கள் என்று வையுங்கள். அவர்கள் பிரச்சினையை மற்ற 85 சதவீதம் பேரின் சங்கம் எடுத்துப் பேசாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் நடைமுறையில் நாங்கள் கண்ட வழி, பெரிய சங்கத்திடம் நேரில் போய்ப் பேசுவது. எங்கள் கோரிக்கைகளில் இரண்டையாவது உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வேலைநிறுத்தத்தில் நாங்கள் நிற்கிறோம் என்று எழுதிக் கொடுப்பது. பாதி இடங்களில் அது பலித்திருக்கிறது.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடாதா?

போகலாம். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உங்களிடம் யாரும் அந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்த மாட்டார்கள். நாளை முதல் ஆள் தேவையில்லை என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொல்வார், அவ்வளவுதான்.

அதனால் சேர்வதற்கு முன்பே சேகரிக்க வேண்டியவை சில உண்டு: நுழைவு அட்டையின் நகல், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் வங்கியில் ஏறிய பதிவு. இவை எதுவும் இல்லையென்றால், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தினமும் தேதி, ஷிப்ட், செய்த வேலை, உடன் வேலை செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வாருங்கள். எங்கள் உறுப்பினரான ஓர் அக்கா மூன்று ஆண்டுகள் மாதக் காலண்டர் தாளிலேயே குறித்துவைத்திருந்தார். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு சுழி, ஓவர்டைம் என்றால் சுழிக்குள் ஒரு புள்ளி. சமரச அதிகாரி முன்பு அந்த 36 தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். அப்படி ஒருவர் வேலையே செய்யவில்லை என்று அதுவரை சாதித்த ஒப்பந்தக்காரரின் ஆள் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்ற விதியை வைத்து, நிலுவை முழுவதையும் வாங்கினோம்.

சந்தா ஏன் கட்ட வேண்டும்? ஏழைகளிடம் வசூலா?

எங்கள் சந்தா மாதம் 30 ரூபாய். பேச்சுவார்த்தைக்காகத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கு ஒருவர் போய்வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் டிக்கெட், மதியச் சாப்பாடு. அதைச் சங்கம் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது? வெளியிலிருந்து யாராவது கொடுத்தால், கொடுத்தவர் பேச்சைக் கேட்க வேண்டிவரும்.

ஆனால் வசூலிக்கிறவர் செய்ய வேண்டிய கடமைகள் இருக்கின்றன. 30 ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுங்கள். மாதக் கடைசியில் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குத் தவறாமல் அனுப்புங்கள். அனுப்பாததால் பதிவு ரத்தான சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை எங்கள் கணக்கில் 140 ரூபாய் குறைந்தது. பொருளாளர் தம்பி அழுதுவிட்டார். மூன்று நாள் தேடி, ஜெராக்ஸ் கடையின் இரண்டு பில்கள் விதிமுறைப் புத்தகத்துக்குள் செருகியிருந்ததைக் கண்டுபிடித்தோம். அந்தக் கூட்டத்தில் அந்த இரண்டு பில்களையும் கைமாற்றிக் காட்டிய பிறகு, சந்தா கட்டாமல் இருந்த ஐந்து பேர் கட்டினார்கள்.

வெளியாள் தலைவராக இருக்கலாமா?

இருக்கலாம். வாடியாவும் திரு.வி.க.வும் ஆலையில் நூல் நூற்றவர்கள் அல்லர். அமைப்புசாரா தொழிலில் நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் வெளியாள்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்குமேல் கூடாது. என் வேண்டுகோள் ஒன்றே: பேச்சுவார்த்தை அறைக்குள் வெளியாள் தனியாகப் போக விடாதீர்கள்.

வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு, ஆனால் வேலிகள் கூடிவிட்டன. இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் அல்லது அதற்குமேல் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. சட்டவிரோதமானது என்று முடிவானால் அபராதமும் சிறையும்கூட உண்டு. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்காதீர்கள்.

எங்கள் சங்கம் 17 ஆண்டுகளில் மூன்று முறைதான் வேலையை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு வீடு வீடாகப் போய், அரிசி எத்தனை நாளுக்கு இருக்கிறது, நகைக்கடன் வட்டி எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

2025இல் தூய்மைப் பணியாளர்கள் போராடியும் போலீஸ் அப்புறப்படுத்திவிட்டதே?

சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு அந்தத் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உழைப்போர் உரிமை இயக்கம் என்ற, எந்தப் பெரிய கட்சியின் அமைப்பும் அல்லாத சங்கம் அவர்களோடு நின்றது. 13 நாள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

5 என்பது இராயபுரம் மண்டலம். 6ஆம் மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். பெரம்பூரும் புளியந்தோப்பும் அந்தப் பக்கம்தான். 1918இல் சங்கம் கட்டியவரின் பெயரைத் தாங்கிய மண்டலத்தின் தெருக்களைக் கூட்டுகிறவர்கள், நூறாண்டு கழித்து வேலைப் பாதுகாப்பு கேட்டு நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். நான் நான்கு மாலைகள் போயிருந்தேன். மழை தூறும்போது தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் பெண்களே மாறி மாறிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மூலையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒருவர் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனார்.

தோல்வியா என்று கேட்டால், கேட்டது கிடைக்கவில்லை, அது உண்மை. ஆனால் அந்த 13 நாளில் மத்திய சங்கத்தைச் சேர்ந்தவர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே நடைபாதையில் உட்கார்ந்து பேசினோம். அதற்கு முன்பு ஒருவரையொருவர் போஸ்டரில் மட்டும் பார்த்தவர்கள். அங்கே அறிமுகமான ஒரு வழக்கறிஞர்தான் இன்று எங்கள் இரண்டு வழக்குகளை நடத்துகிறார்.

வட மாநிலத் தொழிலாளர்கள் வந்து நம் கூலியைக் கெடுக்கிறார்களே?

கூலியைக் குறைத்தவர் யார் என்று பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பி கூலியை நிர்ணயிக்கவில்லை. அவனும் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேரோடு படுக்கிறான். இப்போது எங்கள் துண்டறிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிக்கிறோம். முதல் ஒடியா அறிக்கையில் பிழைகள் இருந்தன என்று ஒரு பையன் பேனாவால் திருத்திக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் இப்போது செயற்குழுவில் இருக்கிறான்.

எங்கள் கடையில் மூன்றே பேர். எங்களுக்கு வழி உண்டா?

ஒரே தொழிலில் பக்கத்துக் கடைகளையும் சேர்த்துப் பகுதிச் சங்கமாக நடத்தலாம். 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பல தொழில்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. உணவு வினியோகம் போன்ற இணையவழித் தொழிலாளர்களுக்கும் 2023இல் வாரியம் அமைத்தார்கள். முதலில் வாரிய அட்டையை வாங்குங்கள். அட்டை வாங்கித் தரும் வேலையில்தான் பல சங்கங்கள் வளர்ந்தன.

மே தினத்தில் நாமும் கொடியேற்ற வேண்டுமா?

கட்டாயம். 1923 மே 1 அன்று ம.சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். இரண்டு கூட்டங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் நடந்தது. நாங்கள் காலை ஆறு மணிக்கே எங்கள் கொடியை ஏற்றிவிட்டு, எட்டு மணிக்குப் பெரிய சங்கங்களின் ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம்.

முதல் கூட்டத்தை எப்படித் தொடங்குவது?

மண்டபம் தேட வேண்டாம். யாராவது ஒருவர் வீட்டு மாடி போதும். நேரத்தைப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு வைத்தால் தண்ணீர் பிடிக்கவும் சமைக்கவும் போய்விடுவார்கள். எங்களுக்கு ஞாயிறு காலை பதினொரு மணி ஒத்துவந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதி, வந்தவர்கள் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், தன் வேலை என்ன, எது வலிக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். யாரும் இடையில் குறுக்கிட வேண்டாம். அடுத்த கூட்டத்தின் தேதியை அதே பக்கத்தின் அடியில் எழுதாமல் கலையாதீர்கள்.